இரண்டாம் பாகம் பார்க்கப் போன அன்று

ஆமத்தூர்,
தை 20.

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைப்பிள்ளையும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் முழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதற்கப்புறம் இத்தனை நீளத்துக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் நீ பிள்ளை முகத்தைக் காட்டினாய், நான் அவனைக் கொஞ்சப் போய்விட்டேன். பக்கத்தில் உன் அப்பா வேறு கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார், அவர் காதுபடச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, தைலம் தேய்க்கச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்கிறார். பட்டாசுக் கம்பெனியில் பொங்கல் லீவு முடிந்து வேலை மும்முரமாகிவிட்டது, இந்த வருஷம் ஆர்டர் பரவாயில்லை என்று போர்மேன் சொல்கிறார். உன்னோடு வேலை பார்க்கிற பெனாசிர் லீவில் விருதுநகர் வந்தவள் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கும் வந்தாள். வெள்ளிக்கிழமை அவள் புறப்படுகிறாள். சுக்குப்பொடி, பூண்டு லேகியம், பிள்ளைக்கு இரண்டு பருத்திச் சட்டை எல்லாம் அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதத்தையும். லேகியத்தைக் கசக்கிறது என்று ஒதுக்கி வைக்காதே, காலையில் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. பிள்ளை பிறந்த அன்று நான் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகவில்லை. ஆத்தா சன்னதியில் நிற்கவில்லை. சிவகாசியில் ஒரு தியேட்டரில் உட்கார்ந்து அந்த ஆகாயப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு ஐம்பது நாள் ஆகியிருக்கிறது.

அந்தப் படப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்ததே நீதான், அதற்காக உன்மேல் பழி போடவில்லை. டாக்டர் உன்னை எழுந்திருக்கவே கூடாது என்று படுக்கப் போட்டிருந்தபோது, பொழுது போகவில்லை என்று முதல் பாகத்தை என் போனுக்கு அனுப்பி, தமிழ்லயே பேசுறாக, பாரும்மா என்றாய். மூக்கில்லாத மனுசனும் மூன்று கண் குதிரையும், இதெல்லாம் ஒரு படமா என்று முதலில் சிரித்தேன். அரை மணி நேரத்தில் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதாநாயகி பேர் நம் வாயில் நுழையாது, நானும் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற முத்துப்பேச்சியும் கப்பல்காரி என்றுதான் சொல்லுவோம். அணைந்துபோகப் போகிற நட்சத்திரத்திலிருந்து ஒரு ஊரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு அவள் கிளம்புகிறாள், வாசல் மூடிவிடாமல் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மா மட்டும் பின்னால் நின்றுவிடுகிறாள், அதோடு படத்தை முடித்துவிட்டார்கள் பாவிகள். அந்த அம்மா பிழைத்தாளா இல்லையா என்று நீயும் நானும் எத்தனை நாள் பேசியிருப்போம். கம்பெனியில் திரி வைக்கும்போதுகூட எனக்கு அதே யோசனைதான். முத்துப்பேச்சிக்கும் பார்க்கக் கொடுத்து அவளையும் கெடுத்துவிட்டேன்.

அன்றைக்கு மழை. மருந்து காயவில்லை என்று கம்பெனியில் மூன்று நாள் லீவு விட்டிருந்தார்கள். முந்தின நாள் நீ, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போறேன், எதுக்கும் போனைக் கையிலயே வச்சிரும்மா என்று சொன்னாய். சரி தாயி என்று நானும் சொன்னேன். மறுநாள் முத்துப்பேச்சி வந்து, ஏக்கா, ரெண்டாம் பாகம் வந்திருக்காம், நாளையோட தூக்கிருவாகளாம் என்றாள். போன் கையில்தானே இருக்கிறது, எங்கே இருந்தால் என்ன என்று கிளம்பிவிட்டேன். தியேட்டர் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னான் ஒருத்தன். வருஷக்கணக்காகக் கம்பெனி கேட்டில் யார் பையைத் தொட்டாலும் போனை அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறவள், என் கை தானாகப் போனை அணைத்துவிட்டது. அவன் நம்மிடம் முறுக்கு இருக்கிறதா என்றுதான் பார்த்தான்.

இதோடு நிறுத்தினால் பழக்கதோஷம் என்று நீயே மன்னித்துவிடுவாய். அதற்காகத்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன். இடைவேளையில் எனக்கு ஞாபகம் வந்தது. போனைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்போதுதான் கப்பல்காரி அம்மாவைத் தேடிக் கப்பலைத் திருப்பியிருக்கிறாள். போனைப் போட்டால் நீ கூப்பிடுவாய், வெளியே போய்ப் பேச வேண்டும், திரும்பி வருவதற்குள் அந்த அம்மாவைக் காட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம்தானே என்று திரும்பப் பைக்குள் போட்டேன். இதுதான் தாயி நான் செய்தது. தெரிந்துதான் செய்தேன்.

படம் எப்படி என்று யாராவது கேட்டால் இப்போதும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அந்த நட்சத்திரம் வெடிக்கும்போது ஒரு பச்சை வருகிறது, பச்சை நிறத்துக்குப் போடுகிற பேரியத்தை நிறுத்திய பிறகு எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு பச்சையை நான் பார்க்கவே இல்லை. முத்துப்பேச்சி விசிலே அடித்துவிட்டாள். எரிபொருள் பெட்டியை இரும்புத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்கள், எங்கள் போர்மேன் பார்த்தால் அத்தனை பேரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார், இந்த முட்டாள்களை நம்பி ஒரு ஊரே கப்பலில் ஏறியிருக்கிறதே என்று எனக்குப் பதறியது. அந்த அம்மா பிழைத்துத்தான் இருக்கிறாள். பதினேழு வருஷமாக மகள் குரல் வருமா என்று ஒரு பெட்டியில் காதை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகமாட்டாள். அதைப் பார்த்துச் சேலைத் தலைப்பு நனைய அழுதேன். என் போன் என் மடியில் அணைந்து கிடந்தது. அந்த நேரத்தில்தான் உன்னை ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

வெளியே வந்து போனைப் போட்டால் மாப்பிள்ளையும் பெனாசிரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டது பதினாறு தடவை. பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டேன். பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், நீ முழித்துவிட்டாய் என்றார்கள். பெனாசிர் போனை உன் காதில் வைத்தாள். எங்கம்மா போயிருந்தே என்று நீ கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தியேட்டர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருக்கன்குடிக்கு வந்தேன் தாயி, கூட்டத்துல போனை அணைச்சு வச்சிருந்தேன் என்று வந்துவிட்டது. நீ அழுதாய். அதான்மா பொழைச்சேன், நீ ஆத்தாகிட்ட நின்ன நேரம் என்றாய். அதற்குமேல் எப்படித் திருத்துவேன். மறுவாரம் இரண்டாம் பாகம் பார்த்தியாம்மா என்று நீ கேட்டபோது, இல்லை என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். அந்தப் படத்தைப் பற்றி மனசுவிட்டுப் பேச எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீ, உன்னிடமே பேச முடியாமல் செய்துகொண்டேன்.

இது இத்தோடு போயிருந்தால் சாகிறவரைக்கும் மனசுக்குள்ளேயே வைத்திருப்பேன். பெனாசிர் வந்தபோதுதான் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்தது. உள்ளே கொண்டுபோகும் வரைக்கும் நீ, அம்மா எடுத்தாகளா, அம்மா எடுத்தாகளா என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தாயாம். மாப்பிள்ளை ரயிலில் வந்துகொண்டிருந்தார், அவள்தான் உன் கையைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். பிள்ளைக்கு நெஞ்சு இன்னும் முழுசாத் தேறலைம்மா, ஆறு மாசத்துக்கு பிளேன்ல ஏத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக, அவ கேக்கமாட்டேங்கா, நீங்க சொன்னாத்தான் கேப்பா என்றாள். மூன்றாம் மாதத்துக்குள் இருக்கன்குடியில் முடியிறக்குவதாக நேர்ந்திருக்கிறேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்று எங்களிடம் சொன்னாயே, டாக்டர் சொன்னதை ஏன் சொல்லவில்லை. நான்தான் மறைத்தேன், நீயும் மறைக்க வேண்டுமா. உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். என் பொய்யை நம்பி அந்தப் பிஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதே.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுச் சாத்தூர் போய் பஸ் மாறி இருக்கன்குடிக்குப் போனேன், இந்தத் தடவை உண்மையாகவே. ஆத்தாளுக்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. பூசாரி அர்ச்சனைக்கு யார் பேர் என்று கேட்டார், உன் பேரைச் சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னைக்கு நான் வரலை ஆத்தா, உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன், ஆனாலும் நீ பாத்துக்கிட்ட என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. யாரும் வந்து கேட்காமலேயே என் பிள்ளையையும் பேரனையும் காப்பாற்றிக் கொடுத்தவள், முடியிறக்க நாலைந்து மாதம் தாமதமானால் கோபித்துக்கொள்ள மாட்டாள். டிக்கெட்டை ரத்து செய். ஆடிக் கடைசி வெள்ளிக்கு வாருங்கள், அதற்குள் பிள்ளையும் தேறிவிடுவான், டாக்டரும் சரி என்பார். இப்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் பெனாசிரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடு, நான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவள் அவள்.

நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காதில் குளிர் ஏறாமல் துணி கட்டு. உன் அப்பாவிடம் இன்று சாயந்திரம் நானே சொல்லிவிடுகிறேன், நீ சொல்ல வேண்டாம். இதைப் படித்ததும் என்னோடு பேசப் பிடிக்காமல் போகலாம், அது நியாயம்தான், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் உடம்புக்கு ஏதாவது ஒன்று என்றால், அம்மா எடுப்பாளோ மாட்டாளோ என்று மட்டும் நினைத்துவிடாதே, கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அம்மா,
சோலையம்மாள்.