நம்பி ஓடுகிறவள்

அக்கா,

இன்று காலை அரிமளம் கடைவீதியில் முந்திரிப் பழத்தைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். அந்தத் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியதும் நம் முந்திரிக் காடு கண்முன் வந்துவிட்டது. வாங்க வந்ததை மறந்து வீடு திரும்பினேன்.

நீங்கள் இந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். நான் வந்த புதிதில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனீர்கள். "வளையல் சத்தம் பட்டா ஓவியம் உதுந்துரும் புள்ள. கழட்டி முந்தானையில முடிஞ்சுக்க" என்றீர்கள். குகை வாசலில் நான் மும்முரமாகக் கழற்றிக்கொண்டிருக்க, காவலாளி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். நீங்கள் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அதற்கப்புறமும் நான் திருந்தவில்லை. மாடு கிணற்றில் விழுந்துவிட்டதென்று போனில் சொன்னீர்கள். கயிற்றோடு ஓடி வந்தேன். மாடு நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே முந்திரிக் காட்டிலிருந்து மறுபடி போன். "பாம்பு கடிச்சிருச்சு புள்ள." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

உங்கள் கொழுந்தன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "மதினி ஆரம்பிச்சிட்டாங்க. மறுபடியும் போயி ஏமாறாத."

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் கால் நிற்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கணுக்கால் வீங்கியிருந்தது. "எல்லாரும் சிரிப்பாங்க, நீ வந்துருவேன்னுதான் ஒனக்குப் போட்டேன்" என்றீர்கள்.

நீங்கள் தலையில் கட்டியிருந்த துண்டால் உங்களை என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு விரட்டினேன். "பேசுங்கக்கா, எதாச்சும் பேசுங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன். "ரோடு ரெண்டாத் தெரியுது புள்ள" என்றீர்கள். அதன்பிறகு பேச்சில்லை. உங்கள் தலை மட்டும் என் முதுகில் கனத்தது. இதுவும் விளையாட்டாக இருக்கட்டும், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி அக்கா சிரிக்கட்டும், ஊரே என்னைக் கேலி செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பிழைத்தீர்கள். கண் திறந்ததும் நர்சிடம் என்னைக் காட்டி, "கடிச்சது பாம்பு இல்லைங்க, இவதான்" என்றீர்கள். வார்டே சிரித்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை.

போன வருடம் மகள் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். உங்கள் மகள் போனில் அழுதாள். "அம்மா பக்கத்துலதான இருக்காங்க? போன அவங்ககிட்டக் குடு" என்றேன். உங்கள் வாயிலிருந்து வந்த எதையும் நம்பியவள், அவள் சொன்னதை நம்பவில்லை. அவள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போதும் யாராவது, "சீக்கிரம் வா" என்றால் எதற்கென்று கேட்பதில்லை. பிள்ளைகள் அதை வைத்தே என்னை ஏமாற்றிச் சிரிக்கிறார்கள். நெஞ்சு படபடக்கப் போய் நிற்கிறேன். அவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான், அக்கா, எனக்கு மூச்சே வருகிறது.