மாமா, சிதம்பரத்தில் போர்டு மாற்றினேன்

என் ஆசை மாமா,

நீ இருக்கிற இடத்தில் கரண்ட் என்கிற ஒன்றே இல்லாமல் இருக்கட்டும். விளக்கேற்றும்போது தினமும் இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். மற்றவர்கள் சொர்க்கம், மோட்சம் என்று எதையெதையோ கேட்பார்கள். எனக்கு இது போதும்.

ஊர் முன்னால் உன்னை 'நீங்க, வாங்க' என்பேன், வீட்டுக்குள் வந்தால் 'நீ, வா, போ'. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். படிக்கட்டும். என்னைத் தவிக்க விட்டுவிட்டுப் போன மனுஷனுக்கு இனிமேல் என்ன 'ங்க' வேண்டிக் கிடக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு சர்வர் கம்ப்யூட்டரின் மதர்போர்டை மாற்றினேன். என் கையால். சிரிக்காதே மாமா, நிஜமாகத்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் நம் கம்ப்யூட்டர் கடை திறந்துதான் இருக்கிறது. நீ இருந்தபோது கழற்றுவதும் மாட்டுவதும் உன் வேலை, சாப்ட்வேர் போடுவது என் வேலை. நீ போன பிறகு யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "போர்டு வேலை எடுக்கறதில்ல, வேற கடை பாருங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர் மிக்ஸியைப் பிரித்தால்கூட நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.

அப்படி இருந்தவளுக்குத்தான் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. மேல வீதிப் பக்கம் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் நம் சுகந்தி அக்கா. இடி இடித்த மறுநாள் சர்வர் உயிரே காட்டவில்லையாம். வந்து பார்த்த மெக்கானிக், போர்டு போய்விட்டது, டிஸ்க்கெல்லாம் நன்றாக இருக்கிறது என்றானாம்.

"ஆனா எல்லாத்தயும் அழிச்சிட்டு புதுசா ஏத்தித் தரேங்கறான் செல்வி. அத்தன பேரு ரிப்போர்ட்டும் அதுக்குள்ளதான் கெடக்குது. நீங்க ரெண்டு பேரும் போட்டுக் குடுத்தது. நீ வந்தாதான் ஆவும்."

"நான் போர்டுல கை வெக்கறதில்லக்கா. ஒனக்குத் தெரியுமில்ல."

"தெரிஞ்சுதான்டி கேக்கறேன்."

மறுத்துத்தான் பார்த்தேன். மறுபடி கேட்டபோது சரி என்றேன். உன் காரியம் முடிகிறவரை லேபைப் பூட்டிவிட்டு வந்து நம் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது அந்த அக்காதான். ரசம் சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டி வைத்தவர் அவர். இல்லையென்று எப்படிச் சொல்வது?

சொல்லி வைத்த புதுப் போர்டு கடைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளி நிறப் பையைப் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு, கூட வந்த புத்தகத்தைப் படித்தேன். நீ ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. முதல் பக்கத்திலேயே, வேலைக்கு முன் மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்லியிருந்தது. வளையலைக் கழற்றினேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது. அந்த வேலையை நீ எனக்கு மிச்சம் வைக்கவில்லை மாமா.

அடுத்தது கைப்பட்டை. நம் உடம்பில் சேர்ந்திருக்கிற ஸ்டேட்டிக் போர்டைக் கெடுத்துவிடாமல், மணிக்கட்டில் கட்டிய பட்டை அதை ஒரு ஒயர் வழியாகப் பெட்டிக்கு இறக்கிவிடும். விற்கிற பட்டைக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஸ்டேட்டிக் போகும், ஆளைக் கொல்கிற கரண்ட் அதைத் தாண்டி வராது. நீ என்ன செய்வாய்? "இதுக்கு ஒரு பட்டையா, ஒரு ஒயரு போதாதா" என்று வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, மறுமுனையைப் பெட்டியில் மாட்டுவாய். பிளக்கையும் பிடுங்க மாட்டாய். சுவிட்சை மட்டும் அணைப்பாய், பிளக் இருந்தால்தான் எர்த் கிடைக்கும் என்பாய். வருஷக்கணக்காக ஒன்றும் ஆகவில்லை.

முதுநகரில் நீ கடைசியாகப் போன ஆபீசில் எர்த்தே இல்லை. எர்த்துக்குக் குழி தோண்டச் சோம்பல்பட்ட எவனோ, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரையே எர்த் முனையிலும் முறுக்கி விட்டிருந்தான். புயலில் சாய்ந்த கம்பத்தை நட்டு லைன் கொடுத்தபோது கரண்ட் ஒயரும் நியூட்ரலும் இடம் மாறிப் போயின. பல்பு எரிந்தது, ஃபேன் சுற்றியது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. எர்த் என்று நீ நம்பிய ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. நீ மழையில் நனைந்து போய், வாசலில் செருப்பை விட்டுவிட்டு, ஈரக் காலோடு அந்தக் கம்பியை மாட்டினாய்.

மெயின் சுவிட்ச் இருந்த அறை பூட்டிக் கிடந்ததாம். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தாராம். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாய் மாமா? யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

சிதம்பரம் போகிறேன் என்றதும் யாழினி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். நம் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள், உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

"நீ போவாதம்மா."

"போவலன்னா பெரியம்மா லேபு என்னாவறது?"

"அவுங்களுக்கு லேபுதான் போவும். எனக்கு?"

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன். மெயின் சுவிட்சுகிட்ட நான் நிக்கறேன்," என்றாள். திட்டிப் பார்த்தேன். அவள் பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ரயிலில் போர்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிரில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடியம்மா, பெத்த புள்ளய வெச்சிருக்கறாப்பல வெச்சிருக்க, உள்ள இன்னா?" என்று கேட்டது. கம்ப்யூட்டர் சாமான் என்றேன். "அதுக்கா இப்பிடி மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? எதனா சாப்புட்டியா?" என்றது. கிள்ளையில் இறங்கும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது. அந்தத் தட்டில் எனக்கு அழுகை வரப் பார்த்தது.

லேபுக்குள் நுழைந்ததும் என் உயிர் பாதி போய்விட்டது. புதுச் சாமான் வருகிறது என்று சுகந்தி அக்கா சர்வர் இருக்கும் அறையைக் கழுவி விட்டிருந்தார். தரையெல்லாம் ஈரம். நடுவில் மாக்கோலம். தட்டில் எலுமிச்சம்பழம், சூடம், குழைத்த சந்தனம், குங்குமம். சர்வருக்கு மேலேயே நடராஜர் படம்.

"செருப்ப அங்கியே விட்டுட்டு வா செல்வி. மொதல்ல போர்டுக்குப் பொட்டு வெச்சிடுவோம்," என்றார்.

அந்த ஈரத்தைப் பார்த்ததும் நான் கத்திவிட்டேன் மாமா. "என்னையும் சாவடிக்கப் பாக்கறியாக்கா? கழுவித் தொலைக்க இன்னிக்குத்தான் நாள் பாத்தியா?"

அக்காவின் முகம் சுருங்கிப் போனது. தட்டை ஓரமாக வைத்துவிட்டு, பழந்துணியை எடுத்து மண்டி போட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். ரத்தம் கொடுக்க வந்திருந்தவர்கள் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தரை நன்றாகக் காய்கிறவரை வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டேன். காய்ந்த பிறகு ரப்பர் விரிப்பைப் போட்டேன். ரப்பர் செருப்போடு உள்ளே போனேன். அக்கா படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவுரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நீ போட்டுக்கோ," என்றார். சந்தனத்தைப் போர்டில் வைத்தால் போர்டு கெட்டுவிடும் என்று சொல்லி, பெட்டியின் வெளி மூடியில் பொட்டு வைக்கச் சொன்னேன். வைத்தார்.

பிளக் பாயின்டில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன். கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவில்லை. எர்த் ஒயர் தனியாகக் குழிக்குள் இறங்குவதையும் வெளியே போய்ப் பார்த்தேன். நல்ல எர்த், சரியான வயரிங். நம்பிக்கை வராமல் மறுபடி பார்த்தேன். அப்புறம் பிளக்கையே பிடுங்கி என் கண்ணுக்கு முன்னால் மேஜைமேல் வைத்தேன். பவர் பட்டனை அமுக்கி உள்ளே தங்கியிருந்த மிச்சக் கரண்டையும் வடித்தேன். நடையில் இருந்த மெயினை அணைத்துவிட்டு யாழினி அதன் பக்கத்தில் நின்றாள். எனக்கு ஏதாவது ஆனால் தொடக்கூடாது, கட்டையால் தள்ளு என்று அக்கா கையில் ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்தேன்.

இனி அந்தப் பெட்டியில் கரண்ட் வர வழியே இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? பட்டையைக் கட்டி மறுமுனையைப் பெட்டியில் மாட்டினேன், கை உள்ளே போக மறுத்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தப் பெட்டிக்குள் உன் கை தெரிந்தது. திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நடையிலிருந்து யாழினியின் குரல் வந்தது. "எம்மா. ஒன்னால முடியலன்னா அதக் கழட்டு. எங்கையில கட்டு. நீ சொல்லு, நான் செய்யறேன்."

அவள் கையில் அந்தப் பட்டையா? நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். என் கை பெட்டிக்குள் போயிருந்தது. தைரியம் வந்தது என்று நினைக்காதே. சின்னப் பயத்தைப் பெரிய பயம் தள்ளிவிட்டது, வேறொன்றும் இல்லை.

அதன் பிறகு வேலை வேலையாகத்தான் நடந்தது. ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றினேன். டிஸ்க்குகள் எந்த வரிசையில் இருந்தன என்று அதனதன் மேலேயே எழுதி வைத்தேன். பழைய போர்டை எடுத்தேன், அதன் ஓரத்தில் கருகல் இருந்தது. புதுப் போர்டின் அடியில் தேவையில்லாத திருகு ஏதும் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து உட்கார வைத்தேன். பிராசசரை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சின்ன ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் எல்லாம் வீண். ஒன்றும் வளையவில்லை.

பட்டையை அவிழ்த்தேன், பிளக்கைச் சொருகினேன். "போடட்டாம்மா?" என்று யாழினி கேட்டாள். நான் தலையை ஆட்டியதைப் பார்த்து, அக்கா அவளிடம் போடச் சொன்னார். பெட்டியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. திரையில் தேதி என்னமோ பழைய வருஷத்தைக் காட்டியது, திருத்தினேன். டிஸ்க்குகளில் பழைய அமைப்பு இருக்கிறது, சேர்த்துக்கொள்ளவா அழித்துவிடவா என்று கேட்டது. ஒன்றுக்கு இரண்டாகப் படித்துவிட்டு, சேர்த்துக்கொள் என்றேன். கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு பெயரை அடித்தார், ரிப்போர்ட் வந்தது. இன்னொரு பெயரை அடித்தார், அதுவும் வந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கத்துனதுக்கு மன்னிச்சிடுக்கா," என்றேன். "போடி," என்றார்.

வெளியே எட்டிப் பார்த்தால் யாழினி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மெயின் சுவிட்ச் பிடியில் கை அப்படியே இருந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"வேல முடிஞ்சுதுடி. கைய எடு."

"நீ மொதல்ல வெளிய வா. அப்பறம் எடுக்கறேன்."

வந்தேன். செருப்பையும் கையோடு கழற்றிவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன். அப்போதும் உடனே எடுக்கவில்லை மாமா. என் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டிருக்கிறார், அவருக்கும் போர்டுதான் போயிருக்கிறது. போகலாம் என்றுதான் இருக்கிறேன். உன்னைப் போல எனக்குத் தைரியம் வரவே வேண்டாம். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். ஒவ்வொரு தடவையும் பயப்படுவேன். பழகிவிட்டது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். பயந்து பயந்தே எர்த் பார்த்து, பிளக்கைப் பிடுங்கி, முடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். நம் பெண்ணுக்கு வயசாகி, அவள் என்னைத் திட்டித் திட்டி அலுத்துப் போகிறவரை வந்துகொண்டே இருப்பேன். உன்னிடம் வர எனக்கு அவசரமில்லை மாமா. கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் மாமன் மகள், யாழினியின் அம்மா,
செல்வி