உன் பிள்ளை பூசினாப்போல வந்திருக்கிறான்

பிரியமுள்ள அக்கா,

பிரபு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான். நீ போன பிறகு முதல் முறையாக ராயபுரத்து வீட்டுக்கு வந்திருக்கிறான். "இளைச்சிருக்கானாடி?" என்றுதான் முதலில் கேட்பாய், தெரியும். இல்லை, இளைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வண்டியிலிருந்து அவன் இறங்கியதும் நம் சரோஜா அண்ணி கன்னத்தைக் கிள்ளினாள். "இன்னாடா, ஒட்டடக்குச்சியாட்டம் போன, இப்ப துரை கணக்கா வந்துகீற! நல்லா பூசினாப்ல கீற!" உன் வீட்டுக்காரர், எனக்கு மாமா, பக்கத்தில் நின்று பூரித்துப் போனார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு அவருடையது. இன்றைக்கும் விலா எலும்பை எண்ணலாம். மகனின் சுற்றளவு அவருக்கு ஒரு பட்டம் மாதிரி.

அன்று சாயங்காலமே வண்ணாரப்பேட்டைக்குச் சட்டை வாங்கப் போனோம். கடை பாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பிக்கு ரெடிமேடு ஆகாதுண்ணே. துணியா எடுங்க, தெச்சுக் குடுத்துர்றேன். மிச்சம் வுழும்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றார். மாமா கடை அதிரச் சிரித்தார். பிரபுவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே முக்காலியைத் தேடி உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு அது புதிதில்லை, அக்கா. போன கோடை விடுமுறையில் அவனோடு இருந்துவிட்டு வந்தேனே. "அமெரிக்காக்காரனுக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பொருளாதாரம் நடத்துகிறவள் நான். சுலபமான காரணங்களை எனக்கு நம்ப வராது.

ஒருநாள் காலை பால் வாங்க நடந்து போனேன். நடைபாதையே கிடையாது. போலீஸ் கார் ஒன்று ஓரமாக நின்று, "வழி தவறிவிட்டீர்களா அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டது. அந்த ஊரில் நடந்து போகிறவர் ஏதோ ஆபத்தில் இருப்பவர். வீட்டு வாசலில் காரில் ஏறினால் அலுவலக வாசலில் இறங்குகிறார்கள். பிறகு இருட்டும்வரை நாற்காலி. நம் தண்ணீர்ச் சொம்பைவிடப் பெரிய குவளையில் இனிப்புப் பானம் தருகிறார்கள், தீர்ந்தால் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். ரொட்டியிலும் இனிப்பு. நாலு ஆப்பிள் வாங்கும் காசுக்குக் கொழுப்பும் மாவுமாக ஒரு முழுச் சாப்பாடு வந்துவிடுகிறது.

இங்கே காசு வந்தால் தொப்பை வரும் என்று நினைக்கிறோம். அங்கே நான் பார்த்தவரை காசில்லாதவர்கள்தான் அதிகம் பருத்திருந்தார்கள். பிரபுவின் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண் ஒருத்தி, என் வயதுதான், இரண்டு இடத்தில் வேலை. முட்டி தேய்ந்து போய்ச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். அவள் வீட்டுப் பக்கம் காய்கறிக் கடையே இல்லையாம், பெட்ரோல் பங்க்கில் இருக்கும் கடைதானாம். அவள் பேரனுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை. "எங்களுக்குக் கட்டுப்பாடு போதாது" என்று என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டாள். நடக்கப் பாதை போடாதவர்கள், சர்க்கரையை மலிவாக்கி விற்றவர்கள் யாரும் வெட்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில்தான் உன் பிள்ளை இத்தனை வருஷம் இருக்கிறான்.

நேற்று அண்ணி வீட்டில் விருந்து. வஞ்சிரம், இறால், பிரியாணி. வேண்டாமென்றால் அண்ணி அழுதுவிடுவாள் என்று அவனும் சாப்பிட்டான். திரும்பி வந்து நம் மாடிப்படி ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வியர்த்துக் கொட்டியது, உதடு வெளுத்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எங்களோடு வந்திருந்த அண்ணி உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"கண்ணு பட்ருச்சுடி! ஊரே பூசினாப்ல கீறான், பூசினாப்ல கீறான்னு சொல்லிச்சே, சும்மா வுடுமா?"

முதலில் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அவனைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டுவிட்டு, "பாத்தியா, நெடியே வர்ல! பட்டது பொல்லாத கண்ணு!" என்று உள்ளிருந்து கத்தினாள். எனக்குத் தொண்டை கமறி இருமல் வந்தது. அடக்கிக்கொண்டேன். மாமா சோடா வாங்க ஓடினார்.

படியில் நாங்கள் இருவர் மட்டும். பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டான். "சித்தி, எனக்கு சுகர் கீது. அங்க டாக்டர் எப்பவோ சொல்ட்டாரு. மாத்திரய நான்தான் நிறுத்திட்டேன். அப்பாகிட்ட சொல்லாத. நம்ம வூட்ல யாருக்குமே இல்லாத நோவு, எனக்கு மட்டும் எப்டி வந்துச்சுன்னே தெரில."

யாருக்குமே இல்லாத நோவு!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையை இப்படித்தான் நீயும் பிடித்துக்கொண்டாய், அக்கா. சர்க்கரை முற்றி, கால் விரலை எடுத்து, புண் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது. "புள்ளகிட்ட சொல்லாதடி, பயந்துபூடுவான். வேலய வுட்டுட்டு ஓடியாந்துடுவான். காய்ச்சல்னு சொல்லு, வெறும் காய்ச்சல்" என்றாய். சத்தியம் வாங்கினாய். மூலக்கொத்தளம் இடுகாட்டில் உன்னை வைத்துவிட்டு வந்த பிறகும் போனில் அதையே சொன்னேன். அவன் நேற்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

"உங்கம்மாவுக்குக் காய்ச்சல் இல்லடா" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ பருமனே இல்லையே, உனக்கே வந்ததே. உன்னிடமிருந்து அவன் வாங்கிக்கொண்டது ஒரு பங்கு, அந்த ஊர் அவனுக்கு ஊட்டியது ஒரு பங்கு. எது எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? அவன் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கட்டவெரலு கொஞ்ச நாளா மரத்துப்போய்தான் கீது சித்தி. ஷூ டைட்டுன்னு நெனச்சேன்."

அவன் காலை மடியில் எடுத்து வைத்து விரலைத் தடவிப் பார்த்தேன்.

"தெரிஞ்சிருந்தா மாத்திரய வுட்டுருப்பனா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். நீ இருந்தால் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்?

இன்று காலை அவனாகவே அப்பாவிடம் சொன்னான். மாமா, "உங்கம்மாவுது எனக்குத் தெரியும். உன்னுது தெரியாதுடா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போக வேண்டும். அண்ணி இட்லித் தூக்கோடு படியில் மறித்தாள். "புள்ளய பட்டினியா இட்டுகினு போறீங்களே, அடுக்குமா?" உன் பிள்ளை முதல் முறையாக, "வேணாம் அத்தை" என்றான். அண்ணி அழவில்லை. தூக்கை மூடிக்கொண்டாள்.

இப்போது பரிசோதனைக் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பாவும் பிள்ளையும் உள்ளே இருக்கிறார்கள். வெளியே எண்ணூர்ப் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, ஓரமாக நடக்கக்கூட இடமில்லை. எதிர்ப் பெட்டிக் கடையில் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண் கலர் சோடா பாட்டிலை அண்ணாந்து குடிக்கிறாள். அந்த ஊர் அவ்வளவு தூரத்தில் இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அவன் திரும்பிப் போகிறான். மறுபடியும் அதே கார், அதே நாற்காலி. மாத்திரையைத் தொடர்வானா? காலைப் பார்த்துக்கொள்வானா? தெரியவில்லை. போனில் உன்னைப்போல, "சாப்ட்டியாடா?" என்று தொடங்கித்தான் எனக்கும் பழக்கம். இனி காலைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். அவன் உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் சொல்வேன். உன் சத்தியத்தை உடைத்தவள் உனக்கு வேறொரு சத்தியம் செய்கிறேன்: நம் வீட்டில் இனி யாருக்கும் வெறும் காய்ச்சல் வராது.

கோபித்துக்கொள்ளாதே.

உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்,
உன் தங்கச்சி வசந்தா