உம்மணன் அழ மாட்டான்

அன்புத் தங்கைக்கு,

கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்ற துணிச்சலில் அண்ணன் எழுதுவது. ஆறவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து படி.

இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். உன் அண்ணி நிறம் தேர்ந்தெடுத்த அழகில் கூடம் இப்போது பல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே. மூன்று வேளையும் அவள் கையால்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

உன் கதையைக் கார்ட்டூன் படமாக எடுக்கிறவர்கள் வெளியிட்ட முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று நீ ஸ்டூடியோவுக்கு எழுதினாயாமே. நியாயம்தான். உன் இறக்கை மிருகம் உம்மணன் ஏழு புத்தகத்திலும் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஓடிப்போன சிறுமி திரும்பி வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு அது குலுங்கிக் குலுங்கி அழுதால் உனக்கு எரியாதா? குரல் கொடுத்த பாவி நான்தான். அதில் இன்னொரு கூத்து. இந்த மாதிரிப் படங்களில் குரலைத்தான் முதலில் பதிவு செய்கிறார்கள். பேசுகிறவன் முகத்தையும் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். வசனம் மறந்தால் நான் மூக்கைச் சொறிவேன் அல்லவா? யானை அளவு பிராணி இப்போது மூக்கைச் சொறிந்துகொண்டே பறக்கிறது. அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

நேற்று, அழுகை போதவில்லை என்று மறுபடி கூப்பிட்டார்கள். பெயிண்ட் வாசனை அப்பாவுக்கு ஆகாது என்று அவரையும் அழைத்துப் போனேன். உன் முதல் புத்தகம் வந்தபோது, மாட்டு டாக்டர் என்ற ஹோதாவில், இந்த உடம்பும் இந்த இறக்கையும் சேர்ந்த பிராணி ஒரு நாள்கூட உயிரோடு இருக்காது என்று தீர்ப்புச் சொன்னாரே, அதே அப்பா. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதே என் வழியாகத்தான். மற்ற புத்தகங்களை அவர் தொட்டிருக்கவே மாட்டார் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படத்தை இயக்கும் பெண்ணின் அருகில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் தேம்பி, விம்மி, உச்சத்தைத் தொடப்போன நேரம் பார்த்து எழுந்து நிறுத்தச் சொன்னார். என் நடிப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

“அது அழாதும்மா,” என்றார் அந்தப் பெண்ணிடம். “திரும்பி உக்காந்துக்கும். வாலை மட்டும் இந்தப் பக்கமா நகர்த்தி வைக்கும், அந்தப் பொண்ணு சாஞ்சுக்கணும்ல. அஞ்சாவது புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?”

அவள் உன் புத்தகங்களைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கி வளர்ந்தவளாம். கண்ணீர் கேட்டு அடம்பிடித்தது தயாரிப்பாளராம். அங்கேயே அவரைப் போனில் பிடித்து, மல்லுக்கட்டி, சம்மதம் வாங்கிவிட்டாள். காட்சியை மாற்றி வரைகிறார்கள். என் ஒரு பக்க அழுகை போய், ‘ம்ஹும்’ என்று ஒரு மூச்சு மட்டும் மிஞ்சியது. அதையும் எப்படி விடுவது என்று அப்பாதான் செய்து காட்டினார். அவருக்குப் பழக்கம்தானே.

திரும்பும்போது காரில், அஞ்சாவது புத்தகத்தை எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன். புதுக் கண்ணாடி போட்டபோது எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாராம். ஏழிலுமா பார்த்தீர்கள் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு நெருங்கியபோது, உன் பெயர் படத்தில் எப்போது வரும் என்று விசாரித்தார். நீ எடுக்கச் சொன்னது அவருக்குத் தெரியாது. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் என்று சொல்லிவைத்தேன். முதலிலேயே போடச் சொல், அவ்வளவு நேரம் எழுந்து போகாமல் இருக்க முடியாது என்றார். அரை மணிக்கொரு தரம் பாத்ரூம் போகும் அவர் அவஸ்தைதான் உனக்குத் தெரியுமே. கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்:

“முடியாதுன்னா பரவால்ல. உக்காந்திருக்கேன்.”

அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? நீயே வந்து சொல்லேன்.

எங்கிருந்தாலும் நீ நிறைவாக இருக்க வேண்டும்.

உன்
அண்ணன்