இரண்டு சீட்டு வண்டி

விருத்தாசலம்,
10.1.2004

அன்புள்ள நீலாவதிக்கு,

இங்கு நான் இருக்கிறேன். அங்கு நீயும் உன் தம்பி விருத்தகிரி வீட்டாரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். பொங்கல் வருகிறது. இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

விஷயம் இதுதான். நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார். சிரிக்காதே. சிவப்பு, துணிக்கூரை, இரண்டே சீட்டு. மங்கலம்பேட்டையில் ஒரு மரக்கடைக்காரர் கொட்டகையில் அதற்குள் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. இன்ஜின் இருக்கிறது, ஓடவில்லை. செராமிக் கம்பெனியில் ஆயுசு முழுக்க மண் அரைக்கிற மில்லைப் பிரித்து மாட்டிய கை இது. ரிட்டயர் ஆனதிலிருந்து சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வீட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டுவிட்டேன். எல்லா வேலையையும் நானே செய்ய ஒரு டூல் கிட் சேர்க்க வேண்டும். உன் தம்பி கடையில் நயம் சாமான் கிடைக்கும். முதலில் ரிங் ஸ்பேனர் ஒரு செட், சாக்கெட் ஒரு செட், பிளக் ஸ்பேனர், ஹைட்ராலிக் ஜாக் ஒன்று. பஸ்ஸில் போட்டுவிடு. கண்டக்டர் மாயவன் தெரிந்தவர்தான்.

போன் செய்யாதே. மணியடிப்பதே என் காதில் விழுவதில்லை.

இப்படிக்கு,
சக்கரபாணி


புதுச்சேரி,
19.1.2004

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

நான் வீட்டை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதுதான் முதல் கடிதம். அதுவும் ஸ்பேனர் கேட்டு. கவரை யாருக்கும் காட்டாமல் தனியாகப் போய்ப் பிரித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? படித்த பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை.

கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். உங்கள் ஆர்டரைச் சத்தமாக வாசித்தேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். ஆசை இருக்கிறது தாசில் பண்ண என்பார்கள். அது உங்களுக்கே பொருந்தும். நம் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து, உங்களிடம் பேச முடியாத பேச்சையும் சேர்த்து என்னிடமே பேசுகிறாள். அவளிடம் காரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ரெண்டே சீட்டு என்றால் ரெண்டாவது யாருக்கு என்று கேட்பாள்.

தம்பி ஒன்று கேட்கச் சொன்னான். வண்டி எந்த நாட்டு வண்டி? இங்கிலாந்து வண்டியென்றால் நட்டு போல்ட்டு எல்லாம் அங்குல அளவில் இருக்கும். நம் ஊர் மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் உட்காராது. எந்த அளவு வேண்டும் என்று எழுதுங்கள். எழுதிய பிறகுதான் அனுப்புவான்.

சாப்பாடு யார் செய்கிறார்கள்? அதையும் எழுதுங்கள்.

நீலாவதி


விருத்தாசலம்,
24.1.2004

அன்புள்ள நீலாவதிக்கு,

கடிதம் கிடைத்தது. சரி. உடனே அனுப்பு.

சக்கரபாணி


விருத்தாசலம்,
9.2.2004

அன்புள்ள நீலாவதிக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. மாயவன் பத்திரமாக இறக்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு ஸ்பேனரும் உட்காரவில்லை. ஒன்று லொடலொடவென்று ஆடுகிறது, அடுத்தது ஏறவே மாட்டேன் என்கிறது. முறுக்கிப் பார்த்ததில் இரண்டு போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது. உன் தம்பி அளவு பார்த்து அனுப்ப மாட்டானா?

ஜாக் வைத்துத் தூக்கினேன். அது நன்றாக இருக்கிறது. அடுத்து அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

சக்கரபாணி


புதுச்சேரி,
11.2.2004

பிரியா அப்பாவுக்கு,

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஜாக்கிலிருந்து இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருத்தரும் அடியில் படுக்க மாட்டார்கள் என்று தம்பி தலையில் அடித்துக்கொள்கிறான். ஜாக் நழுவும் முன் ஒரு முனகல் வருமாம். காது கேட்கிறவன் உருண்டு வெளியே வந்துவிடுவான். நீங்கள் வர மாட்டீர்கள். நீங்கள் ஆர்டர் கொடுக்காத நான்கு ஜாக் ஸ்டாண்டு இன்றைய பஸ்ஸிலேயே வருகிறது. இரும்பு முக்காலி மாதிரி இருக்கும். அதன் மேல் வண்டியை உட்கார வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். என் மேல் ஆணை.

இரண்டாவது. அங்குலமா மில்லிமீட்டரா என்று கேட்டால் "சரி" என்று ஒரு பதில் உண்டா? நீங்கள் சரி என்றதும், நம் ஊர் அளவுதான் போலிருக்கிறது என்று தம்பி கட்டிவிட்டான். நேரில்தான் எதற்கெடுத்தாலும் தலையாட்டினீர்கள். கடிதத்திலுமா? இதைப் படிக்கக் காது எதற்கு?

எனக்கு அலுத்துவிட்டது. அந்த வீட்டில் கத்திக் கத்தி என் குரலே எனக்குப் பிடிக்காமல் போனது. பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைத் தெரு முழுக்கச் சண்டை என்று நினைத்தது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தால் இரைச்சல் என்று கழற்றி வைத்தீர்கள். கடைசி நாள் பையை எடுத்துக்கொண்டு உங்கள் எதிரில் நின்று, "என்னால முடியலங்க, தம்பி வூட்டுக்கே போயிடட்டுமா?" என்று கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "செரி, செரி" என்றீர்கள்.

உங்கள் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். "காதுல வுழல, இன்னொரு தபா சொல்லு" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் பையைக் கீழே வைத்திருப்பேன்.

அங்குல அளவு ஸ்பேனரும் சாக்கெட்டும் அதே பார்சலில் இருக்கிறது.

நீலாவதி


விருத்தாசலம்,
14.3.2004

அன்புள்ள நீலாவுக்கு,

வண்டியை அன்றைக்கே இறக்கிவிட்டேன். இப்போது நான்கு ஸ்டாண்டு மேல் நிற்கிறது. இந்தக் கடிதத்தை எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. பலமுறை எழுதிக் கிழித்தேன்.

நீ அப்படிக் கேட்டாய் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் போகிறாய் என்று நினைத்தேன். சாயங்காலம் காபி டம்ளரை வைத்துக்கொண்டு வீடு முழுக்க உன்னைத் தேடினேன். அப்புறம் அடுத்த வீட்டு அம்புஜவல்லிதான் கையால் ஜாடை காட்டி, நீ பஸ் ஏறிவிட்டாய் என்றாள்.

என் பக்கத்தையும் கேள். திரும்பச் சொல் என்றால் முதல் தடவை சொல்வாய். இரண்டாம் தடவை கத்துவாய். மூன்றாம் தடவை "ஒண்ணுமில்ல, வுடுங்க" என்று உள்ளே போய்விடுவாய். நீ கத்தியதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த "ஒண்ணுமில்ல"க்குப் பயந்துதான் தலையாட்டப் பழகினேன். எல்லோரும் பேசிச் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன், எதற்கென்று தெரியாமல். எனக்கும் அலுத்துவிட்டது நீலா.

அங்குல ஸ்பேனர் கச்சிதமாக உட்காருகிறது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் மட்டும் கடலூரில் வாங்கினேன், உன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வியாழக்கிழமை இன்ஜின் ஓடியது. நீளமான திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்து மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டால் தாடையில் நடுக்கம் தெரிகிறது. எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். சத்தம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. மெக்கானிக் கொளஞ்சி "சூப்பரா இருக்குது சார்" என்று எழுதிக் காட்டுகிறான். அவன் எல்லா வண்டிக்கும் அதைத்தான் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயேன். நீ சொன்னால்தான் நம்புவேன். சாப்பாடு நானே செய்கிறேன். ரசம் மட்டும் வரவில்லை.

சக்கரபாணி


புதுச்சேரி,
29.3.2004

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

நேற்று வந்தேன்.

முன்கூட்டி எழுதவில்லை, தப்புதான். திடீரென்று வந்து நின்றால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். இந்த வயதில் அப்படியொரு ஆசை. தலைக்குப் பூ வேறு.

கம்பிக் கதவை உள்பக்கம் பூட்டியிருந்தீர்கள். ஷெட்டில் குனிந்து நின்ற நீங்கள் பக்கவாட்டில் தெரிந்தீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏங்க" என்று கூப்பிட்டேன். கதவைத் தட்டினேன். பூட்டை ஆட்டினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நீங்கள் திருப்புளியைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அப்படியொரு சந்தோஷமாக இருந்தீர்கள். அம்புஜவல்லி வந்து, "எங்க கொல்லப் பக்கமா வாங்கக்கா, செவுரு சின்னதுதான்" என்றாள். என் புருஷன் வீட்டுக்குச் சுவர் ஏறிக் குதித்தா போக வேண்டும்? உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வேகாத வெயில். பூ வாடிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

கோபமில்லை. அலுப்புதான். வீட்டுக்குள் கத்தியது போதாதென்று இனி வாசலில் நின்றும் கத்த வேண்டுமா என்று தோன்றியது. கடிதத்தில் நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். இது போதும் என்று நினைக்கிறேன். இனி நான் வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது. கனத்த, நல்ல சத்தம். நடுநடுவே மட்டும் ஒரு இருமல் வருகிறது. நாலு சிலிண்டரில் ஒன்று சோம்பேறியாக இருக்கும் என்கிறான் தம்பி. பாருங்கள்.

நீலாவதி


விருத்தாசலம்,
6.4.2004

அன்புள்ள நீலாவுக்கு,

இருமல் மூன்றாவது சிலிண்டரில். பிளக் கரி பிடித்திருந்தது. மாற்றிவிட்டேன். நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அப்புறம் அந்த வாசலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்றைக்குப் பகல் முழுவதும் வண்டிப் பக்கம் போகவில்லை.

கம்பிக் கதவில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். அழுத்தினால் ஷெட்டில் ஒரு சிவப்பு பல்பு எரியும், கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, குளியலறையில் ஒன்று. எலக்ட்ரீஷியன் நாலாவது எதற்கு சார் என்றான். அவன் சொன்னது காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லப்பா என்று கேட்டேன். அதற்கும் புரியவில்லை, மறுபடி கேட்டேன். அவன் சலித்துக்கொண்டுதான் எழுதிக் காட்டினான். பரவாயில்லை, கேட்டுவிட்டேன்.

நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. எனக்கு ஆசை இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. உன் அலுப்பு பெரிது என்று தெரிகிறது.

பல்பு நன்றாக வேலை செய்கிறது. தினமும் எரிகிறது. ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். இதுவரைக்கும் கீரைக்காரி, தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர்.

சக்கரபாணி