நீ போட்ட கோல்

காப்பெல், அமெரிக்கா,
மார்ச் 2006

கண்ணா,

சர்ச் சண்டே கிளாஸில் படித்த தமிழ்தானே, மெதுவாகவே படி. உன்னோடு தங்கியிருக்கும் டீம் பசங்களுக்குப் புரியக் கூடாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். போனில் சொல்வதும் உனக்கு மனதில் நிற்பதில்லை.

சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் இன்டர்நெட் ரேடியோவில் உன் மேட்சைக் கேட்டோம். "நாலாவது டிவிஷனா இருந்தா என்ன, இங்கிலாந்துடீ" என்பார் அப்பா. கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி நீ கோல் போட்டாய். அந்த நொடியே எதிர் டீம்காரன் ஒருவனின் தலை உன் தலையில் மோதியதாம். விழுந்தாய், எழுந்தாய், கடைசிவரை ஆடினாய்.

மறுநாள் அப்பா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். "தம்பியோட தலையைக் கர்த்தர் ஆசீர்வதிச்சிருக்கார்" என்று பாஸ்டர் அறிவித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் மேட்ச் முடிந்து போன் பண்ணியபோது, "மாம், டிட் வீ வின்?" என்று கேட்டாய். கிண்டல் பண்ணுகிறாய் என்று நினைத்தேன். நேற்றும் அதையே கேட்டாய். "நீதானேடா கோல் போட்ட?" என்றேன். "டோன்ட் டெல் டாட்" என்றாய்.

சொல்லவில்லை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்வரை கிளப்புக்கும் தெரியக் கூடாது என்கிறாய். அடுத்த சனிக்கிழமையும் கார்னர் வருமே, கண்ணா.

இதைப் படித்ததும் எனக்கு போன் பண்ணு. ஏற்கெனவே பண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், மறுபடியும் பண்ணு.

அம்மா