பன்னிரண்டு மணிக்கு மேல் வரும் வண்டி

குரோம்பேட்டை, சென்னை
4-12-2025

அன்புள்ள நெடுமாறன் மாமாவுக்கு,

நான் தமிழ்நிலா. உங்க தங்கச்சி செம்மொழியோட பொண்ணு. நாம கடைசியாப் பார்த்தது தாத்தா இறந்த அன்னைக்கு. எனக்கு அப்போ பதிமூணு வயசு. பந்தலுக்கு அந்தக் கோடியில நீங்க, இந்தக் கோடியில அம்மா. ரெண்டு பேரும் அழுதீங்க, ஆனா பேசிக்கவே இல்லை.

கடிதமான்னு சிரிக்காதீங்க. ஊர்ல இருக்கிற புகழேந்தி சித்தப்பாகிட்ட நம்பர் வாங்கி மூணு தடவை போன் அடிச்சேன். மூணு தடவையும், "ஆங்? யாரு? மெஷின் திங்கக்கிழமைதான் வரும்!"னு கத்திட்டு வெச்சுட்டீங்க. அறுவடை மெஷின் ஓட்டி ஓட்டி உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு அப்புறம்தான் சித்தப்பா சொன்னார். கண்ணு நல்லாத்தானே இருக்கு? அதான் எழுதுறேன்.

எனக்குக் கல்யாணம், மாமா. பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, இங்கே குரோம்பேட்டையிலேயே மண்டபம். மாப்பிள்ளை பேரு பரிதி, என்கூட ஆபீஸ்ல வேலை பார்க்கிறவர். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தாய்மாமன். மேடையில எனக்கு முதல் மாலை நீங்கதான் போடணும். நீங்க வரலைன்னா அந்த மாலையை வேற யாரும் போட வேண்டாம்னு சொல்லிடப் போறேன்.

டிக்கெட் என் பொறுப்பு. ராத்திரி ரயிலா, படுத்துட்டு வர்ற பஸ்ஸா, இல்லை திருச்சியிலேருந்து விமானமா? விமானம்னா ஜன்னல் சீட்டே எடுத்துடுறேன். நம்ம பக்கத்துலேருந்து இன்னும் இருபது பேர் வருவாங்க. அவங்களுக்கு எது வசதின்னும் சொல்லுங்க. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது.

உங்க மருமகள்,
நிலா

---

நன்னிலம்
13-12-2025

என் கண்ணு பாப்பாவுக்கு, மாமா எழுதுறது.

கடிதம் கிடைச்சுது. நாலு தடவை படிச்சேன். பந்தல்ல என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கின புள்ளைக்குக் கல்யாணமாம்! பரிதி தம்பி நல்லா இருக்கட்டும். நீயும் அவரும் நூறு வருஷம் சண்டை போடாம இருக்கணும். சரி, போட்டாலும் அன்னைக்கே பேசிடணும்.

வண்டி விஷயத்தைச் சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்கே. ஊர்ல எனக்கு டைம்டேபிள்னே பேரு. வேளாங்கண்ணி போறவன்லேருந்து வேலூர் ஆஸ்பத்திரி போறவன் வரைக்கும் எங்கிட்ட கேட்டுட்டுதான் பையைத் தூக்குவான்.

முதல்ல விமானம். நம்ம லியாகத் அலி மகனை துபாய்க்கு ஏத்திவிட நாலு தடவை திருச்சி போயிருக்கேன், கண்ணாடிக்கு வெளியிலேருந்து பார்த்ததுதான். இங்கேருந்து திருச்சிக்கு மூணு மணி நேரம். ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் உட்காரணும். சென்னையில இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம். பறக்கிறது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத் தரையில ஆறு மணி நேரம் சீரழியணும். பகல்ல பஸ்ல போனாக்கூட அதே நேரத்துல வந்துடலாம். ஆனா ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. நீ பறந்திருப்பேல்ல? மேலேருந்து பார்த்தா அரசலாறு தெரியுமா? நடவு வயலும் தரிசும் வித்தியாசம் தெரியுமா? வெத்தலை போட விடுவானா? எழுது.

பஸ்ல வயசானவங்களை ஏத்தவே ஏத்தாதே. மேல் படுக்கை கொடுத்தா ஏற முடியாது, ஏறினா இறங்க முடியாது. சர்க்கரை வியாதிக்காரங்க நிறுத்தச் சொன்னா டிரைவர் மூஞ்சியைக் காட்டுவான். விக்கிரவாண்டி பக்கம் ஏதாவது ஒரு ஓட்டல்ல நிறுத்தி, நல்லாத் தூங்குறவனையும் லைட்டைப் போட்டு எழுப்பிவிட்டுடுவான். இள வயசுப் பசங்களுக்கு பஸ் சரி. அவங்க எப்படியும் தூங்கப் போறதில்லை.

இருபது பேருக்கும் ரயில்தான். திருவாரூர்ல ஏறி, தாம்பரத்துல இறங்கினா உன் மண்டபம் பக்கம். வயசானவங்களுக்குக் கீழ்ப் படுக்கை கேளு. வெயிட்டிங் லிஸ்டை நம்பி ஒருத்தரையும் கிளப்பாதே. முக்கியமா, பன்னிரண்டு மணிக்கு மேல வர்ற வண்டியில யாருக்கும் எடுக்காதே. எவ்வளவு காலியா இருந்தாலும் வேண்டாம். பதினொண்ணரைக்குள்ள ஏறுற வண்டியா மட்டும் பாரு.

எனக்கு எடுக்க வேண்டாம், பாப்பா. தை மாசம் சம்பா அறுவடை. மெஷினை விட்டுட்டு நகர முடியாது. மாலையைப் புகழேந்தி போடட்டும். உனக்குச் சேர வேண்டியதை அவன்கிட்ட கொடுத்து அனுப்புறேன்.

உன் மாமா,
நெடுமாறன்

---

குரோம்பேட்டை
22-12-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க கடிதத்தை ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். பரிதி விழுந்து விழுந்து சிரிச்சார், அப்புறம் இருபது பேருக்கும் ரயில்தான் எடுத்தார். திருவாரூர்ல 11.10க்கு ஏறுறாங்க, போதுமா?

விமானத்துலேருந்து ஆறு நல்லாத் தெரியும், மாமா. வாய்க்கால்கூடத் தெரியும், பச்சை நடுவுல கோடு கோடா. ஆனா எது அரசலாறுன்னு எனக்கு அடையாளம் தெரியலை. பக்கத்துல நீங்க இருந்தா சொல்லியிருப்பீங்க. வெத்தலை போடலாம், துப்பத்தான் முடியாது.

மெஷின் கதையை நான் நம்பலை. சித்தப்பாகிட்ட கேட்டேன். உங்க மெஷினை இப்போ மீரா உசேன்னு ஒருத்தர்தான் ஓட்டுறாராம், காதுக்காக டாக்டர் உங்களை ஏறவே கூடாதுன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சாமே! பொய் சொல்லவும் ஒரு திறமை வேணும், மாமா.

எனக்கு இப்போ மண்டையைக் குடையுது. சில விஷயம் கேக்குறேன், கோபிக்காதீங்க.

ஊருக்கே வழி சொல்ற நீங்க ஏன் ஒரு தடவைகூடச் சென்னை வந்ததில்லை? பன்னிரண்டு மணிக்கு மேல வர்ற வண்டி உங்களை என்ன பண்ணிச்சு? எனக்குக் காது குத்தினது ஏன் நகைக் கடையில, நாற்காலியில உட்கார வெச்சு, துப்பாக்கி மாதிரி ஒண்ணால? என்கூடப் படிச்சவங்க எல்லாருக்கும் தாய்மாமன் மடியில உட்கார்ந்து அழற போட்டோ இருக்கு. எனக்கு மட்டும் இல்லை. அம்மாகிட்ட கேட்டா, "அவனுக்கு உன்னைவிட நாத்து பெருசு"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுறாங்க. இன்னொண்ணு, அம்மா எழும்பூர் ஸ்டேஷனுக்குள்ள காலே வைக்க மாட்டாங்க. பக்கத்துல வேலை இருந்தாலும் சுத்திப் போவாங்க. அதுக்கும் உங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

காதுல மேல இன்னொரு ஓட்டை குத்திக்கலாம்னு இருக்கேன். உங்க மடி காலியாத்தான் இருக்கா? அறுபத்திரண்டு கிலோ, முன்கூட்டியே சொல்லிடுறேன்.

நிலா

---

நன்னிலம்
4-1-2026

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆச்சு. எழுதி எழுதிக் கிழிச்சேன். நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

2004 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காதுகுத்து. மூணு வயசு உனக்கு. அப்போ நீங்க புரசைவாக்கத்துல இருந்தீங்க. சனிக்கிழமை ராத்திரி ஏறினா ஞாயிறு காலையில வந்துடலாம்னு 11ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்தேன். உங்கம்மாவுக்கும் அப்படியே கார்டு எழுதினேன், 11ஆம் தேதி வண்டி, எழும்பூருக்கு வந்து நில்லுன்னு. மயிலாடுதுறைக்கு அந்த வண்டி 12.20க்கு வரும். ராத்திரி பன்னிரண்டு தாண்டினா தேதி மாறிடும்ல? அப்போ 11ஆம் தேதி வண்டிங்கறது வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்து போயிடுச்சு. எனக்கு அது உறைக்கலை, பாப்பா. எனக்கு! ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவனுக்கு! நம்ம தெருவுல முதல்ல பத்தாவது பாஸ் பண்ணினவனுக்கு!

சனிக்கிழமை ராத்திரி நம்ம தெருவே ஸ்டேஷனுக்கு வந்துச்சு. சீர்த்தட்டு, பழம், உனக்குப் பட்டுப்பாவாடை, வேட்டி முடிச்சுல தோடு. வண்டியில ஏறி உட்கார்ந்துட்டேன். டிக்கெட் பரிசோதகர் வந்து பார்த்தார். "இது நேத்து வண்டிக்கு எடுத்தது. படிக்கத் தெரியுமா, தெரியாதா?"ன்னார். ஜன்னலுக்கு வெளியே அத்தனை பேரும் நிக்கிறாங்க. யாரோ சிரிச்சாங்க. நான் தட்டைத் தூக்கிட்டு இறங்கிட்டேன்.

முன்பதிவு இல்லாத பெட்டி நாலு பெட்டி தள்ளி நின்னுச்சு. வண்டி கிளம்ப இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. ஓடிப்போய் ஏறியிருந்தா காலையில உன் காதுகுத்துக்கு வந்திருப்பேன். அவமானத்துல காலே நகரலை. அப்படியே நின்னு வண்டி போறதைப் பார்த்தேன்.

திங்கக்கிழமை உங்க பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணினேன். செம்மொழி "ஏன்ணே வரலை?"ன்னு கேட்டா. நாத்து பறிச்சாச்சு, நடவை விட்டுட்டு வர முடியலைன்னு சொன்னேன். தேதி பார்க்கத் தெரியலைன்னு சொல்றதுக்கு அது கௌரவமா இருந்துச்சு. அவ போனை வெச்சுட்டா. அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம். ஒரு வருஷம் போனா சொல்ல முடியுமா? பத்து வருஷம் போனா? அதான் இந்த வாய் திறக்கவே இல்லை.

தோடு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. இதை அம்மாகிட்ட சொல்லாதே. எனக்கு அவ முகத்துல முழிக்கிற தைரியம் இல்லை, அதான் வரலை. வேற காரணம் இல்லை, சாமி.

மாமா

---

குரோம்பேட்டை
19-1-2026

அண்ணே,

நிலா உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில விரிச்சு வெச்சுட்டு ஆபீஸ் போயிட்டா. மறந்து வெச்ச மாதிரி நடிப்பு. உன் மருமகதானே.

படிச்சேன். நல்லா வருது வாயில. என்ன மனுஷன் நீ! இருபத்தோரு வருஷம்! அப்பா செத்தப்போகூட உன் கையைப் பிடிச்சு அழ விடலையே என்னை.

நீ கார்டு போட்டபடி நான் சனிக்கிழமை காலையில எழும்பூர்ல நின்னேன். வண்டி வந்துச்சு, நீ இல்லை. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பன்னிரண்டு மணி வண்டி, அண்ணன் தேதியைக் குழப்பியிருப்பான், நாளைக்கு வருவான்னு நிலா அப்பாகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆளை வெச்சுக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே போய் மறுபடியும் நின்னேன். உன்னை டிக்கெட் செல்லாதுன்னு இறக்கியிருப்பாங்க, முன்பதிவு இல்லாத பெட்டியில ஏறி வந்திருப்பேன்னு கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடிப் பார்த்தேன். எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நின்னேன்.

நீ மட்டும் அந்தப் பெட்டியில ஏறியிருந்தா!

வீட்டுக்கு வந்து வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிட்டேன். காது குத்தலை. உன் மடி இல்லாம அவளுக்குக் குத்த எனக்கு மனசு வரலை. மறுநாள் நீ நாத்துன்னு சொன்னப்பதான் எல்லாம் விட்டுப்போச்சு. நான்தான் பைத்தியம், இவன் கிளம்பவே இல்லைன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அந்த ஸ்டேஷன் பக்கமே போகலை.

தோட்டை எடுத்துட்டு வா. மேல் ஓட்டைக்குச் சின்னத் தோடுதான் சரியா இருக்குமாம். கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை குத்திடலாம். மடியிலதான் உட்காருவேன்னு அடம் பிடிக்கிறா, உன் முட்டிக்கு நான் பொறுப்பு இல்லை.

ரயில்லயே வா. வீட்டுக்குப் பக்கம் தாம்பரம்தான், ஆனா நீ அங்கே இறங்காதே. எழும்பூர் வரைக்கும் வா. டிக்கெட்டுல நிலா 6ஆம் தேதி போட்டாளோ 7ஆம் தேதி போட்டாளோ, எவனாவது செல்லாதுன்னு சொன்னா இறங்காதே, பொதுப் பெட்டியில நின்னுக்கிட்டாவது வா. அபராதத்தை நான் கட்டுறேன்.

வெள்ளிக்கிழமை காலையிலும் நான் அங்கே நிக்கிறேன். சனிக்கிழமை காலையிலும் நிக்கிறேன்.

உன் தங்கச்சி,
செம்மொழி